நான்காவது நாற்காலி

அவளுக்கு அப்போது பதினாறு வயதும் நான்கு மாதமும். பள்ளிக்கூடம் போகாத பெண். ஆனால் பள்ளிக்கூடமே அறியாதவள் அல்ல. சொல்லப்போனால் மற்ற பிள்ளைகளைவிட அதிகப் பள்ளிக்கூடம் பார்த்தவள். அப்பா லிஃப்ட் பொருத்தும் மெக்கானிக். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே குடும்பம் மூட்டை கட்டும். ஒரு பள்ளியில் ஏழு மாதம், அடுத்ததில் பதினொரு மாதம், மூன்றாவதில் ஒரு முழு வருடம், நான்காவதில் ஐந்து மாதம். அந்த நான்காவது பள்ளியில், பக்கத்துப் பெஞ்சுக்காரி தன் பென்சில் டப்பாவை முதன்முதலாக இவள் பக்கம் நகர்த்தி வைத்த வாரத்தில்தான் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாயிற்று. அடுத்த ஊரில் பையை இறக்கியதும் பெண் சொன்னாள்:

“இன்னொரு ஸ்கூல் வேணாம்மா. நான் வீட்லயே படிச்சுக்கறேன்.”

பத்து வயதுப் பிள்ளையின் பேச்சுதானே என்று அம்மா தள்ளிவிடவில்லை. தனித்தேர்வராகப் பரீட்சை எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பெண்ணுக்குப் பதின்மூன்று வயதானபோது அம்மாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நிரந்தர வேலை கிடைத்தது. அதோடு தாயும் மகளும் ஓரிடத்தில் தங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் ஊர் ஊராகப் போய், மாதத்தில் மூன்று நாள் வீட்டுக்கு வந்து போவார்.

மூன்றாம் மாடி வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மட்டுமே இடமுள்ள ஒரு பால்கனி. அம்மா காலை ஆறு இருபதுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் திரும்ப நாலரை ஆகும். நடுவில் உள்ள பத்து மணி பத்து நிமிடம் பெண்ணுடையது. எட்டிலிருந்து பத்து வரை கணக்கு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை அறிவியல், பிற்பகலில் மொழிப்பாடமும் வரலாறும். எழுதியவற்றை அம்மா மாலையில் திருத்துவாள். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஒரே ஒரு குறை, அந்தப் பத்து மணி நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். திறக்க யாரும் இல்லை.

அதற்கு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். மதிய இடைவேளையில் பொது அறிவுப் புத்தகத்திலிருந்து நாற்பது கேள்விகளைத் தன் கைபேசியில் வாசித்துப் பதிவு செய்து அனுப்புவாள். கேள்வி, பிறகு ஐந்து விநாடி இடைவெளி, பிறகு பதில். அந்த இடைவெளியில் பெண் சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். மறுநாள் காலை பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் அதைக் கேட்பாள். பின்னணியில் டோக்கன் எண் கூப்பிடும் குரலும், பரிசோதனை இயந்திரத்தின் உறுமலும் கேட்கும். “இரு கண்ணு, ஒருத்தர் மயக்கம் போட்டுட்டார், வந்துடறேன்” என்று கேள்விக்கு நடுவில் அம்மா ஓடிய நாளும் உண்டு. இருபத்திரண்டு மாதத்தில் இப்படி ஐந்நூற்றுச் சொச்சம் பதிவுகள். பெண் ஒன்றையும் அழிக்கவில்லை.

வீட்டிலிருந்தே படிக்கும் உயர்நிலை மாணவர்களுக்கான வினாடி வினா கிளப் ஒன்று இருப்பதை நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் பார்த்தவளும் அம்மாதான். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேலே, இருபத்து மூன்று படி ஏறினால் ஓர் அறை. சுவரெல்லாம் சாலைக் குறியீட்டுப் படங்கள். நடத்தியவர் இரட்டைப் பெண்களின் தாய். பிள்ளைகள் அவரை ஆன்ட்டி என்றார்கள். உறுப்பினர் மொத்தம் ஏழு பேர். பதினாறு வயது இரட்டையரில் ஆறு நிமிடம் முந்திப் பிறந்தவள் பெரியவள், கிளப்பின் உயிரியல் புலி; மற்றவள் சின்னவள். வாசல் மணி சுவிட்சுகளைப் பலகையில் திருகி பஸர் செய்து வைத்திருந்த பையன் கேப்டன். வாயைத் திறந்தாலே நதியும் எல்லையும் பேசுகிறவன் மேப்பு. மீதி இருவர் சின்னப் பையன்கள், போட்டிக்கு வயது வராதவர்கள்.

பெண் ஒன்பது நாற்பதுக்கே போய்ப் படியில் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே ஒரே கலகலப்பு. ஒருவர் முடிப்பதற்குள் இன்னொருவர் ஆரம்பிப்பார். இவள் சொல்ல நினைத்ததை மனதுக்குள் ஒழுங்குபடுத்தி வாயருகே கொண்டுவருவதற்குள் பேச்சு மூன்று தெரு தாண்டிப் போயிருக்கும். பஸரிலும் அதே கதைதான். கேள்வி முடிந்து, எல்லாரும் அழுத்தி, யாரோ ஒருவர் மதிப்பெண்ணும் வாங்கிய பிறகு இவள் விரல் சுவிட்சில் விழும். ஒரு சனிக்கிழமை கேப்டனுக்குப் பொறுக்கவில்லை.

“கேள்வி முடிஞ்சதும் எதுக்கு அப்படிச் சும்மா நிக்கற? கேள்விக்கு மௌன அஞ்சலியா?”

அறையே சிரித்தது. அன்றிலிருந்து அவள் பெயர் அஞ்சலி. வீட்டில் சொன்னபோது அம்மா முகம் சுளித்தாள்.

“அது என்னடி பேரு? செத்தவங்களுக்குப் பண்றது.”

“நல்லாதாம்மா இருக்கு” என்றாள் பெண். அதுவரை எந்த ஊரிலும் யாரும் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு அவளைக் கவனித்ததில்லை.

அந்த வருடம் கிளப் எழுத்துச் சுற்றில் தேறி இறுதிப் போட்டிக்கு அழைக்கப்பட்டது. ஆன்ட்டி கடிதத்தை இரண்டு முறை உரக்க வாசித்தார். பத்து மணி நேர ரயில் பயணம், அங்கே இரண்டு நாள் போட்டி, மறுபடி பத்து மணி நேரம். அணிக்கு நான்கு பேர். பதினேழு முடிந்தவர்கள் கலந்துகொள்ள முடியாது. கேப்டன், பெரியவள், மேப்பு மூவருக்கும் இடம் உறுதி. நான்காவது நாற்காலிக்குச் சின்னவளும் அஞ்சலியும். இரண்டு வாரம் கழித்து இருவருக்கும் தனியாக ஒரு பரீட்சை, நாற்பது கேள்வி, சரியான பதிலுக்குப் பத்து மதிப்பெண், தப்பானால் ஐந்து போய்விடும், ஒருவர் தவறினால் மற்றவருக்குக் கேள்வி போகாது.

அன்று பஸ்ஸில் திரும்பும்போது பெண் விரல் விட்டு எண்ணினாள். வீடு விட்டு வீடு திரும்ப ஐம்பத்தெட்டு மணி நேரம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் இருபத்தொன்பது சனிக்கிழமைகள், ஒரே மூச்சில். அடுத்த வருடம் இதே நாளில் அவளுக்கு வயது தாண்டியிருக்கும். கோப்பை கிடைக்கிறதோ இல்லையோ, அந்த ஐம்பத்தெட்டு மணி நேரம் வேண்டும்.

பதில் தெரியாமல் அவள் தோற்கவில்லை. முந்தைய சனிக்கிழமை கேட்ட ஐம்பதில் முப்பத்தொன்று அவளுக்குத் தெரியும்; முதலில் அழுத்தியது நான்கே நான்கு. காரணம் தேட வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. அம்மாவின் ஐந்து விநாடிதான். கேள்வி முடிய வேண்டும், பிறகு பேச வேண்டும் என்று இருபத்திரண்டு மாதம் கை பழகியிருந்தது. எதிரில் முந்துவதற்கு ஆள் இல்லாமல் படித்தால் வருகிற வியாதி இது.

திங்கட்கிழமை காலை பதிவைப் போட்டாள். பதில் தோன்றிய நொடியில் நிறுத்தும் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தீர்மானம்.

“சூரியனைச் சுற்ற எடுக்கும் காலத்தைவிட…” என்றது அம்மாவின் குரல். வெள்ளிக் கோள் என்று தெரிந்துவிட்டது. அழுத்தினாள். அம்மாவின் குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. டோக்கன் குரலும் இயந்திரமும் சேர்ந்து நின்றன. குழாயில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. அவள் பதிலைச் சொன்னாள். வெற்று வீட்டில் அது அசட்டுத்தனமாக இருந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும். ஏழாவது கேள்வியில் விரல் மறுத்துவிட்டது. நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கும் ஒரே குரலை அவளே எப்படி வெட்டுவாள்? மிச்ச முப்பத்து மூன்று கேள்விகளையும் முழுதாக ஓடவிட்டுக் கேட்டாள்.

அன்று பன்னிரண்டரைக்கு அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, நான் கேள்வியெல்லாம் ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கேன். நீங்க படிங்க. நான் குறுக்க பேசுவேன்.”

“பேசு. உங்கம்மா இருபது வருஷமா அதைத்தானே பண்றா, எனக்குப் பழக்கம்தான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒளிச்… ஒளிச்சேர்க்கையின் போது தாவரங்கள் வெளியிடும்…”

“ஆக்ஸிஜன்!” என்று ஒரு முரட்டுக் குரல் வந்தது. பெண்ணுடையது அல்ல.

“யாருப்பா அது?”

“பக்கத்துல வெல்டர் உக்காந்திருக்கார். யோவ், உன்னைக் கேட்டாங்களா?”

“தெரிஞ்சா சொல்லக் கூடாதா?” என்றார் வெல்டர். “அடுத்தது படிங்க. பாப்பா, முடிஞ்சா எனக்கு முன்னாடி சொல்லு பாப்போம்.”

பன்னிரண்டு நாள், தினமும் அரை மணி. அப்பா சொற்களைத் தப்பான இடத்தில் உடைப்பார், வரியைத் தவறவிட்டு மறுபடி பிடிப்பார். வெல்டருக்குப் பாதி பதில் தப்பாகவே வரும், ஆனால் மனிதர் வெட்கப்படவே இல்லை. “உலகத்திலேயே ஆழமான ஏரி” என்று அப்பா தொடங்கியதுமே “எங்க மாமனார் வீட்டுக் கிணறு” என்பார். முதல் மூன்று நாள் பெண் வாயே திறக்கவில்லை. நான்காம் நாள் இருவர் குரலுக்கும் நடுவே ஒரு பதிலை நுழைத்தாள். பத்தாம் நாள் வெல்டர் இருபத்தொரு கேள்வியில் தோற்றுப்போய், “இந்தப் பொண்ணு ஆளை முழுங்கிடும்யா” என்றார். கைபேசியை வைத்த பிறகும் சற்று நேரம் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பரீட்சை நாளன்று கேள்வி வாசிக்கப் பொது ஆள் ஒருவர் வேண்டியிருந்தது. மகள் போட்டியில் இருக்கும்போது தான் வாசிப்பது முறையல்ல என்று ஆன்ட்டி சொல்லிவிட்டார். அந்த விஷயத்தில் அவர் எள்ளளவும் கோணாதவர். கீழிருந்து ஓட்டுநர் பயிற்சி மாஸ்டரைக் கூப்பிட்டார்கள்.

“நான் இதெல்லாம் படிச்சதே இல்லையேம்மா” என்றபடி அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “சரி, ரெண்டு பேரும் ரெடியா? சிக்னல் விழறதுக்கு முன்னாடி வண்டியை எடுக்கக் கூடாது.”

“எடுக்கலாம் மாஸ்டர். அதுதான் போட்டியே” என்றான் கேப்டன்.

மாஸ்டர் முட்டி மோதி வாசித்தார். சின்னவளுக்குத் தாயின் கணீரென்ற தெளிவான வாசிப்பே பழக்கம். இவர் எங்கே நிறுத்துவார், எங்கே இழுப்பார் என்று தெரியாமல் திணறினாள். அஞ்சலிக்கோ இது மோட்டார் அறையில் அப்பா வாசிப்பதுபோலவே இருந்தது. விரல் தானாகப் போனது. அவசரத்தில் வழுக்கவும் செய்தாள். “அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமங்களில்” என்றதுமே அழுத்தி, “பாதரசம்” என்றாள். கேட்க வந்தது உலோகம் அல்லாதது எது என்று, விடை புரோமின். ஐந்து போயிற்று. நாற்பதும் முடிந்தபோது அஞ்சலிக்குச் சரி பதினைந்து, தப்பு நான்கு; நூற்று முப்பது. சின்னவளுக்குச் சரி பதின்மூன்று, தப்பு இரண்டு, நூற்று இருபது. மீதி ஆறு கேள்வியை இருவருமே தொடவில்லை. ஆன்ட்டி இரண்டு முறை கூட்டிப் பார்த்தார்.

“அஞ்சலிதான் நாலாவது” என்றார். குரலில் ஒரு பிசிறும் இல்லை.

“அவ வரலைன்னா நானும் போகல” என்றாள் பெரியவள்.

“இங்க பாரு, ரூல்னா ரூல்தான்.”

“நான் ரூலை மீறலையேம்மா. போக மாட்டேன்னுதான் சொல்றேன். நாங்க ரெண்டு பேரும் ஒரு நாள்கூட தனித்தனியா இருந்ததில்ல.” அவள் கண்ணில் நீர் தளும்பிவிட்டது. தோற்ற சின்னவளோ சுவரிலிருந்த ‘வலப்பக்கம் திரும்பாதே’ படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாஸ்டர் சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார். கேப்டன் தலையைச் சொறிந்தான்.

“மூணு பேரோடயும் ஆடலாம்னு விதி இருக்கு. ஆனா பயாலஜிக்கு ஆள் இல்லாம போய் என்ன பண்றது? அஞ்சலி, நீ என்ன சொல்ற?”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அந்த அறையில் அத்தனை முகமும் ஒருசேர அவளை நோக்கித் திரும்பியது அதுவே முதல் தடவை. அவர்கள் எதிர்பார்த்த பதில் என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. ‘பரவாயில்ல, அவளே போகட்டும்’ என்று சொன்னால் போதும். நல்ல பிள்ளை என்று முதுகைத் தட்டுவார்கள், நால்வரும் ரயிலேறுவார்கள், இவள் அந்த இரண்டு நாளும் மூன்றாம் மாடியில் பாத்திரம் கழுவுவாள். அவள் இல்லாமல் போக மாட்டேன் என்று சொல்ல அந்த அறையில் ஒருவரும் இல்லை.

“நான் ஜெயிச்சேன்” என்றாள். “நான் போறேன்.”

மெதுவாகத்தான் சொன்னாள்.

வீட்டில் அம்மா முழுக்கதையும் கேட்டுவிட்டு, “சரிதான், நீ ஏன் விடணும்?” என்றாள். தட்டைக் கழுவி வைத்தபின் கேட்டாள்: “அந்தச் சின்னப் பொண்ணு அழுதாளா?”

“இல்லம்மா. பெரியவதான் அழுதா.”

ஆன்ட்டி சொன்ன சொல் தவறாமல் மூவரையும் அழைத்துப் போனார். ரயிலில் அவர் புத்தகம் படித்தார். வேளாவேளைக்குப் பொட்டலத்தைப் பிரித்து மூவருக்கும் சமமாகக் கொடுத்தார். அஞ்சலியிடம் ஒரு கடுஞ்சொல் கிடையாது, தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கிடையாது. கேப்டன் மேல் படுக்கையில் ஏறி ஏழு மணி நேரம் தூங்கினான். மேப்பு காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் நிலையப் பெயர்களைக் குறித்துக்கொண்டே வந்தான். ஒரு முறை அவன் காதிலிருந்து கழற்றியபோது பெண் சட்டென்று கேட்டாள்:

“அடுத்து எந்த ஸ்டேஷன்?”

அவன் சொன்னான். திரும்ப மாட்டிக்கொண்டான்.

போட்டி மண்டபத்தில் மேசைக்கு நான்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஏற்பாட்டாளர் வந்து, “இன்னொருத்தர் வரணுமா?” என்று கேட்டார். “இல்ல சார்” என்றாள் பெண். காலி நாற்காலியில் தன் பையை வைத்துக்கொண்டாள். முதல் ஆட்டத்தில் வென்றார்கள். அதில் ஒன்பது பதில் அவளுடையது. கேப்டன், “பரவால்லையே அஞ்சலி” என்றான். இரண்டாம் ஆட்டத்தில் பத்து மதிப்பெண்ணில் தோற்றார்கள். கடைசிக் கேள்வி உயிரியல். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள், பஸரை யாரும் தொடவில்லை.

திரும்பி வந்த முதல் சனிக்கிழமை இரட்டையர் வரவில்லை. இரண்டாவதிலும் வரவில்லை. மூன்றாவது வாரம் ஆன்ட்டி மட்டும் வந்து, கேப்டனுக்குப் பதினேழு முடிந்துவிட்டது, தன் பெண்கள் ஓவிய வகுப்பில் சேர்ந்துவிட்டார்கள், மிச்ச நான்கு பேரை வைத்துக் கிளப் நடத்த முடியாது என்று தெளிவாகச் சொன்னார். பஸர் பலகையைக் கேப்டனிடம் கொடுத்தார், சாவியைக் கீழே மாஸ்டரிடம் கொடுத்தார். போகும்போது பெண்ணின் தோளைத் தொட்டு, “நீ பண்ணதுல தப்பில்லம்மா” என்றார். அது உண்மையாகவே சொன்னதாகத்தான் பட்டது. ஆனாலும் சனிக்கிழமை போய்விட்டது.

அடுத்த சனிக்கிழமை பத்து மணிக்குப் பெண் உறுப்பினர் பட்டியலிலிருந்த இரட்டையரின் எண்ணைக் கூப்பிட்டாள். சின்னவள் எடுத்தாள்.

“யாரு?”

“நான்தான்.”

“எந்த நான்?”

“அஞ்சலி. கோபமா இருக்கியா?”

“எனக்கென்ன கோபம்? தோத்தேன், அவ்ளோதான். அந்த மாஸ்டர் படிச்சது ஒரு எழவும் புரியல.” சின்னவள் எதையோ மென்றுகொண்டிருந்தாள். “அவதான் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கா. எனக்காகப் போகாம இருந்துட்டா இல்ல, நான் எப்படி அவளை விட்டுட்டு கிளப்புக்கு வர்றது?”

“ம்.”

“ஃபைனல்ஸ்ல எதுல தோத்தீங்க?”

“கடைசிக் கேள்வி. பயாலஜி.”

“ஐயோ” என்றாள் சின்னவள். “சரி, கிளாஸுக்கு நேரமாச்சு, கிளம்பணும்.”

“திரும்ப எப்போ கூப்பிடட்டும்?”

“பாக்கலாம்.”

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு இருபதுக்குக் கைபேசி அடித்தது. அந்த நேரத்தில் அவளைக் கூப்பிட யாருமே கிடையாது. எடுத்தாள். பேசியது பெரியவள். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

“கடைசிக் கேள்வி என்ன?”

பெண்ணுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு சொல்லத் தொடங்கினாள். “ரத்தத்துல ஹீமோகுளோபினே இல்லாத முதுகெலும்புள்ள…”

“பனிமீன்” என்றாள் பெரியவள். “அண்டார்க்டிகா பக்கம் இருக்கும். ரத்தம் தண்ணி மாதிரி இருக்கும். சரியா?”

“சரி.”

“எனக்குத் தெரியும்” என்று சொல்லிவிட்டுப் பெரியவள் வைத்துவிட்டாள்.